ஒன் பாக்கெட்டில் பாதுகாப்பான ஷாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூல் மேசையில் எட்டுப் பந்து, ஒன்பது பந்து ஆடிப் பழகியவர்கள் அதே மேசையில் ஆடும் இன்னொரு ஆட்டமான ஒன் பாக்கெட்டை முதல்முறை ஆடும்போது திணறுவது குறி பார்ப்பதில் அல்ல. பந்து போடத் தெரிந்தவர்கள்தான். போடுவதற்கு எதுவுமே இல்லாதபோது என்ன அடிப்பது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. இந்த ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அந்த நிலையிலேயே கழியும். அந்த நேரத்தில் எப்படி யோசிப்பது, எந்த வரிசையில் யோசிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து பந்துகள், இரண்டு ஆட்டக்காரர்கள். ஆட்டம் தொடங்கும்போது பந்துகளை முக்கோணமாக அடுக்கிவைக்கும் ரேக் முனையில் உள்ள இரண்டு மூலைப் பாக்கெட்டுகளில் ஆளுக்கொன்று. தன் பாக்கெட்டில் முதலில் 8 பந்துகளைச் சேர்ப்பவர் ஜெயிக்கிறார். உங்கள் பாக்கெட்டில் போட்டால் தொடர்ந்து ஆடலாம். எதிராளியின் பாக்கெட்டில் விழுந்தால் அது அவர் கணக்கு, உங்கள் முறை முடிந்தது. மற்ற நான்கு பாக்கெட்டுகளில் விழுவதை எடுத்து ஸ்பாட்டில், அதாவது ரேக் முனையில் உள்ள குறியில் வைத்துவிடுவார்கள். ஃபவுல் செய்தால் நீங்கள் போட்ட பந்துகளில் ஒன்றைத் திருப்பி ஸ்பாட்டில் வைக்கவேண்டும். கையில் பந்து இல்லையென்றால் கடன். அடுத்துப் போடும் பந்து அந்தக் கடனுக்குப் போகும். தொடர்ந்து மூன்று முறை ஃபவுல் செய்தால் ஆட்டமே போச்சு.

எல்லா ஷாட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெள்ளைப் பந்து ஏதாவது ஒரு பந்தைத் தொட்ட பிறகு, ஒரு பந்து பாக்கெட்டில் விழவேண்டும், இல்லையென்றால் வெள்ளையோ வேறு பந்தோ குஷனை, அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தைத் தொடவேண்டும். இதை இப்போதே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பாதுகாப்பாக ஆடுகிறேன் என்று மெல்லத் தட்டி, எதுவும் குஷனுக்குப் போகாமல் ஃபவுல் வாங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. குஷனோடு ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பந்தை அதே குஷனில் அழுத்தினால் அதுவும் கணக்கில் வராது.

இனி வரும் எல்லா உதாரணங்களுக்கும் ஒரே படம்தான். பிரேக் என்னும் முதல் அடியை அடிக்கும் முனையில் நின்று ரேக் முனையைப் பார்க்கிறீர்கள். வலது மூலை உங்களுடையது, இடது மூலை எதிராளியுடையது.

முதல் படி: எதிராளியின் பாக்கெட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள்

க்யூ கோலைக் கையில் எடுக்கும் முன் இடது மூலைக்கு நடந்து போய், அங்கிருந்து மேசையைப் பாருங்கள். இதைச் செய்யக் கூச்சப்பட வேண்டாம், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். அங்கே நின்றால் எந்தப் பந்துக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் இடையே வழி திறந்திருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வழி திறந்திருக்கும் பந்துகளை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் இருக்கும்.

நேரான வழி மட்டும் போதாது. ரேக் முனையில் இன்னும் கலையாமல் நிற்கும் குவியலில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடிகளையும் கவனியுங்கள். ஒட்டிய இரண்டு பந்துகளின் மையங்களை இணைக்கும் கோடு இடது மூலையை நோக்கி இருந்தால், பின்னால் உள்ளதை ஏறக்குறைய எங்கே தட்டினாலும் முன்னால் உள்ளது அந்தத் திசையில்தான் போகும். புதியவர்களின் கண்ணுக்குத் தப்புவது இதுதான். அப்புறம் பேங்க். வலது நீளக் குஷனுக்கு அருகே நிற்கும் பந்தை அதே குஷனில் மோதவிட்டு இடது மூலைக்குத் திருப்பலாம். பிரேக் முனைக்கு அருகே தனியாக நிற்கும் பந்தை அந்தக் குட்டைக் குஷனில் மோதவிட்டு மேசை நீளத்துக்கும் இறக்கலாம். எதிராளி பேங்க் அடிப்பதில் தேர்ந்தவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தேர்ந்தவர் என்றால் அந்தப் பந்துகளையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாம் படி: வெள்ளை எங்கே நின்றால் அவரால் போட முடியாது?

இங்கேதான் மெனக்கெட வேண்டும். பாதுகாப்பான ஷாட் என்றால் பந்துகளை எங்கே அனுப்புவது என்று முதலில் யோசிப்பவர்கள் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். வெள்ளை எங்கே போய் நிற்கப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஆபத்தான ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எதிராளியின் பாக்கெட்டுக்கு மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். அந்தப் பந்தின் மேல் இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு போடுங்கள். இந்த இரண்டாவது கோட்டுக்குப் பாக்கெட் இருக்கும் பக்கமாக வெள்ளை நின்றால், அந்தப் பந்தை நேராக உள்ளே வெட்ட யாராலும் முடியாது. ஒரு பந்தைத் தொண்ணூறு பாகைக்கு மேல் வெட்ட வழியில்லை என்பதுதான் காரணம். வெள்ளை மறுபக்கம் நின்றால் வாய்ப்பு உண்டு. அந்தச் செங்குத்துக் கோட்டை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு அவருக்குச் சுலபம்.

இந்தச் சோதனையைக் குறித்துவைத்த இரண்டு மூன்று பந்துகளுக்கும் செய்தால், வெள்ளைக்கு நல்ல இடங்கள் எவை என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும். ஆகச் சிறந்தது, எதிராளியின் பாக்கெட்டுக்கு அருகிலேயே, இடது நீளக் குஷனை ஒட்டி நிற்பது. முதலில் கேட்க விநோதமாக இருக்கும், அவருடைய பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பதா என்று. ஆனால் அங்கே நின்றால் ஏறக்குறைய எல்லாப் பந்துகளும் செங்குத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம். அவர் எதை அடித்தாலும் அது அவருடைய பாக்கெட்டை விட்டு விலகித்தான் ஓடும். மிச்சமிருப்பது வலது குஷனிலோ பிரேக் பக்கக் குஷனிலோ மோதவைக்கும் பேங்க் மட்டும். முறையான பிரேக்கில் வெள்ளையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து, பந்துகளை உங்கள் பக்கம் சாய்க்க முயல்வதும் இதனால்தான்.

அடுத்த நல்ல இடம் குவியலுக்குப் பின்னால், ரேக் பக்கக் குட்டைக் குஷனை ஒட்டி. ஸ்பாட்டை ஒட்டிய பந்துகளைப் பொறுத்தவரை அது பாதுகாப்பு. ஆனால் அந்தக் குட்டைக் குஷனுக்கு அருகே இடது பக்கமாக ஏதாவது பந்து வழிதவறி நின்றால், அங்கிருந்து அதை உள்ளே தள்ளிவிடுவார். அதனால்தான் சோதனையை ஒவ்வொரு பந்துக்கும் தனித்தனியாகச் செய்யச் சொல்கிறேன்.

மூன்றாவது இடம், பிரேக் பக்கக் குட்டைக் குஷனோடு ஒட்டவைப்பது. இது இரண்டுங்கெட்டான். செங்குத்துச் சோதனையில் இது தோற்றுவிடும், அங்கிருந்து அவருடைய பாக்கெட் நன்றாகவே தெரியும். ஆனால் தூரம் அதிகம். ஒன்பதடி மேசையில் ஆடும் பரப்பின் நீளம் 254 செ.மீ. மேலும் குஷனோடு ஒட்டிய வெள்ளையின் மேல்பகுதியை மட்டும்தான் க்யூ தொட முடியும், கீழே அடித்து வெள்ளையைப் பின்னுக்கு இழுக்க வழியில்லை. திறந்த பந்து எதுவும் இல்லாதபோது இது போதும். ஒன்று இருந்தால்கூட இதை நம்பாதீர்கள். குஷனிலிருந்து ஒரு சாண் விலகி நின்றுவிட்டால் பாதிப் பாதுகாப்பு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த இடமும் சரிப்படவில்லை என்றால், வெள்ளைக்கும் ஆபத்தான பந்துக்கும் நடுவே வேறொரு பந்தை மறைப்பாக வைக்கலாம். பந்தின் விட்டம் 57 மி.மீ.தான் என்பதால் தொலைவிலிருந்து மறைப்பது லேசில் கைகூடாது. மறைக்கும் பந்தோடு வெள்ளை ஒட்டிக்கொண்டு நின்றால்தான் மறைப்பு பலமாக இருக்கும்.

மூன்றாம் படி: அங்கே போக எந்தத் தொடுகை?

இடம் முடிவானதும், அங்கே போய்ச் சேர எந்தப் பந்தை எவ்வளவு கனமாகத் தொடவேண்டும் என்று பாருங்கள். முழுதாக மோதினால் வெள்ளை தன் வேகம் அனைத்தையும் கொடுத்துவிடும். மையத்துக்குச் சற்றுக் கீழே அடித்து, உருளாமல் சறுக்கி (ஸ்டன்னாக) போய் மோதினால் அங்கேயே நிற்கும். ஓரத்தை மட்டும் உரசினால் மற்ற பந்து லேசாக அசையும், வெள்ளை தன் வழியிலேயே ஓடும். குவியலின் ஓரத்தை உரசிவிட்டுக் குஷனுக்குப் போகும் பாதுகாப்பு ஷாட்டுகள் இந்த வகை. குவியல் கலையாது, குஷன் விதியும் நிறைவேறிவிடும்.

இரண்டுக்கும் இடைப்பட்டதில் ஒரு வசதி இருக்கிறது. இயல்பாக உருண்டு வரும் வெள்ளை, கால் பந்திலிருந்து முக்கால் பந்து வரை எவ்வளவு கனத்தில் தொட்டாலும், தன் வழியிலிருந்து ஏறக்குறைய 30 பாகை மட்டுமே விலகும். அதாவது நீங்கள் குறிவைத்த கனம் கொஞ்சம் மாறினாலும் வெள்ளை ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் போகும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெல்லிய உரசலா, பாதிப் பந்தா என்று இரண்டு வழியும் திறந்திருந்தால் பாதிப் பந்தையே எடுங்கள். மெல்லிய உரசலில் மயிரிழை தவறினால் எதையும் தொடாமல் போய் ஃபவுல், இல்லையென்றால் கனமாகப் பட்டுக் குவியல் கலையும்.

வெள்ளையின் பக்கவாட்டில் அடித்துச் சுழலவைக்கும் சைட் ஸ்பின்னை ஆரம்பத்தில் மறந்துவிடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தால் பத்தில் எட்டு பாதுகாப்பு ஷாட்டுக்கு அதுவே போதும் என்பது என் கணிப்பு.

நான்காம் படி: தவறினால் என்ன ஆகும்?

இரண்டு மூன்று ஷாட்டுகள் மனதில் வந்திருக்கும். இப்போது அவற்றில் எது அழகாக முடியும் என்று பார்க்காதீர்கள். எது கெட்டுப்போனாலும் தாங்கும் என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கனமாகத் தொட்டதாக, கொஞ்சம் மெலிதாகத் தொட்டதாக, வேகம் கூடியதாக, குறைந்ததாக நினைத்துப் பார்த்து, நான்கிலும் எதிராளிக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை, நான்காவதில் ஒரு கடினமான பேங்க் கிடைக்கிறது என்றால் அது நல்ல ஷாட். சரியாக விழுந்தால் பிரமாதம், தவறினால் ஐந்து பந்து போடுவார் என்றால் அது எவ்வளவு அழகான ஷாட்டாக இருந்தாலும் வேண்டாம்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 3-ஆம் பந்து எதிராளியின் பாக்கெட்டின் வாயிலேயே, ரேக் பக்கக் குஷன் ஓரமாக நிற்கிறது. குவியல் பெரும்பாலும் கலையாமல் இருக்கிறது. வெள்ளை மேசையின் நடுவே, சற்று இடது பக்கமாக. இருவரும் இன்னும் ஒரு பந்துகூடப் போடவில்லை.

முதலில் கண்ணில் படுவது குவியலின் ஓரத்தில் நிற்கும் ஒரு பந்தைப் பேங்க் அடித்து வலது மூலையில் போடுவது. போனால் நல்லது. போகவில்லையென்றால் வெள்ளை ஏதோ ஒரு திறந்த இடத்தில் நிற்கும், 3-ஆம் பந்து அப்படியே காத்திருக்கும். அவர் அதைப் போட்டுவிட்டு, அதிலிருந்து அடுத்த பந்துக்கு இடம்பிடிப்பார். ஒன்றோடு நிற்காது.

இரண்டாவது வழி, 3-ஆம் பந்தின் இடது ஓரத்தைத் தொட்டு, அதை ரேக் பக்கக் குஷன் ஓரமாக வலப்பக்கம், உங்கள் மூலையை நோக்கி ஓட்டுவது. நன்றாக விழுந்தால் ஆபத்து நீங்கி, உங்களுக்கு ஒரு பந்து தயாராகவும் நிற்கும். ஆனால் வெள்ளை போகும் திசை இடது மூலை. உள்ளே விழுந்தால் ஃபவுல், ஒரு பந்து கடன், வெள்ளையை பிரேக் கோட்டுக்குப் பின்னால் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடும் உரிமையும் அவருக்கு. கனமாகப் பட்டால் 3-ஆம் பந்து குஷனில் மோதித் திரும்பி, இடது பக்கத்திலேயே எங்காவது நிற்கும். எந்தப் பக்கம் தவறினாலும் அடி உங்களுக்குத்தான்.

மூன்றாவது வழியைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை: 3-ஆம் பந்தை நீங்களே அவருடைய பாக்கெட்டில் போட்டுவிடுவது. அவருக்கு ஒரு பந்து. அந்தப் பந்தை எப்படியும் அவர் போடத்தான் போகிறார். இப்போது அது விழும்போது அவருடைய முறை அல்ல, அவர் தொடர்ந்து ஆட முடியாது, வெள்ளை எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் நீங்கள். ஸ்டாப் ஷாட்டாக அடித்தால் வெள்ளை அவருடைய பாக்கெட்டின் முன்னாலேயே நிற்கும், அதாவது நாம் மேலே சொன்ன ஆகச் சிறந்த இடத்துக்கு அருகே. ஒரே எச்சரிக்கை, மெதுவாக உருட்டிவிடாதீர்கள். உருண்டு வரும் வெள்ளை பந்தின் பின்னாலேயே உள்ளே போய்விடும். மையத்துக்குக் கீழே, உறுதியாக அடிக்கவேண்டும்.

0-க்கு 0 இருக்கும்போது நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். விலை ஒரு பந்து, அது முன்கூட்டியே தெரிந்த விலை. மற்ற இரண்டின் விலை எவ்வளவு என்பது அடித்து முடித்த பிறகுதான் தெரியும்.

ஐந்தாம் படி: ஸ்கோரைப் பாருங்கள்

அதே நிலை, ஆனால் அவருக்கு இன்னும் ஒரே ஒரு பந்துதான் தேவை என்று வையுங்கள். மூன்றாவது வழி இப்போது தற்கொலை. அந்தப் பந்து விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இரண்டாவது வழியைத் துணிந்து எடுக்கவேண்டியதுதான். ஆகவே ஒரு ஷாட் நல்லதா கெட்டதா என்பதை மேசை மட்டும் சொல்லாது.

பொதுவாகச் சொன்னால், உங்களுக்கு ஒன்றிரண்டு பந்து போதும், அவருக்கு நிறைய வேண்டும் என்றால், பந்துகளை பிரேக் முனைக்கு ஓட்டிவிடுவது உங்களுக்கு லாபம். அங்கிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டுவருவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆட்டம் நீளும், பார்ப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் பின்தங்கியிருந்தால் இதற்கு நேர்மாறு: பந்துகள் ரேக் முனையில் இரண்டு பாக்கெட்டுக்கும் அருகே இருந்தால்தான் ஒரே முறையில் மூன்று நான்கு போட்டு எட்டிப்பிடிக்க முடியும். அப்போது எல்லாவற்றையும் பிரேக் முனைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

வேண்டுமென்றே ஃபவுல்

எந்த நியாயமான ஷாட் அடித்தாலும் அவருக்குப் பல பந்துகள் கிடைக்கும் என்றால், ஒரு பந்தைக் கொடுத்துத் தப்பிக்கலாம். வெள்ளையை க்யூ முனையால் லேசாகத் தள்ளி, ஒரு பந்தோடு ஒட்டவைப்பதோ குஷனோடு ஒட்டவைப்பதோ வழக்கம். தொடக்கத்தில் சொன்ன நிபந்தனை நிறைவேறாததால் ஃபவுல். வெள்ளை நின்ற இடத்திலிருந்துதான் அவர் ஆடவேண்டும். எட்டுப் பந்து ஆட்டத்தில் ஃபவுலுக்குப் பிறகு வெள்ளையைக் கையில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இங்கே வெள்ளை பாக்கெட்டில் விழுந்தாலோ மேசையை விட்டு வெளியே போனாலோ மட்டும்தான் அந்த உரிமை, அதுவும் பிரேக் கோட்டுக்குப் பின்னாலிருந்து.

இதைச் செய்யும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருப்பி வைக்கும் பந்து ஸ்பாட்டில் வந்து நிற்கும். அது அவருக்கு ஒரு வாய்ப்பாக மாறுமா? வெள்ளை பிரேக் முனையில் இருந்தால் பெரும்பாலும் மாறும். இன்னொன்று, எண்ணிக்கை. நீங்கள் ஒரு ஃபவுல் எடுத்தால் அவரும் பதிலுக்கு ஒரு ஃபவுல் எடுத்து வெள்ளையை இன்னும் மோசமான இடத்தில் வைக்கலாம். இப்படியே போனால் மூன்றாவது ஃபவுல் யாருக்கு முதலில் வருகிறதோ அவருக்கு ஆபத்து, ஆரம்பித்தவருக்குத்தான் அது முதலில் வரும். இரண்டாவது ஃபவுல் எடுக்கும்போதே, அடுத்த முறை ஒரு நியாயமான ஷாட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நியாயமான ஷாட் அடித்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

எப்படிப் பழகுவது?

அமெரிக்காவில் 1999 முதல் நடந்துவரும் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியில் ஒன் பாக்கெட்டுக்குத் தனிப் பிரிவே உண்டு. ஃபிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் அதைப் பலமுறை ஜெயித்தவர். அவர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகளைப் பாருங்கள், ஆனால் வெள்ளையை முதலில் குஷனில் மோதவிட்டு அடிக்கும், எல்லாரும் வியக்கும் அந்தக் கிக் ஷாட்டுகளை விட்டுவிட்டு, அவர் பந்து போடாத முறைகளில் வெள்ளை எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அவர் அடிக்கும் முன் வீடியோவை நிறுத்தி, நீங்கள் என்ன அடிப்பீர்கள் என்று முடிவுசெய்துவிட்டுத் தொடர்ந்தால் இன்னும் பலன். ரானி ஆலன் மாதிரிப் பலமாக அடித்துக் குவியலைக் கலைத்துத் தாக்கி ஆடியவர்களும் உண்டு. அந்தப் பாணியை இப்போதே கையில் எடுக்க வேண்டாம்.

மேசையில் தனியாகப் பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு மென்மையான பிரேக் அடியுங்கள். பந்துகள் நின்றதும் மேலே சொன்ன படிகளைப் பார்த்து, ஒரு பாதுகாப்பு ஷாட் அடியுங்கள். அடுத்து எதிராளியாக மாறி, அவருடைய பாக்கெட்டில் போட உண்மையாகவே முயலுங்கள். உங்கள் மேல் இரக்கம் காட்டாமல் பேங்க், ஒட்டிய ஜோடி எல்லாவற்றையும் தேடுங்கள். ஒன்று போட முடிந்துவிட்டால், பந்துகளைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அதே நிலையிலிருந்து வேறொரு பாதுகாப்பு ஷாட்டைப் பாருங்கள். பந்துகள் நின்ற இடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே படம் எடுத்துக்கொண்டால் திருப்பி வைப்பது சுலபம்.